கடிகாரத்தின் முதுகில் ஒரு பொட்டு

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மாதா கோயிலில் நிம்மதி போய்விட்டது. திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தால், மற்றவர்களுக்கு வலது கையை நீட்டுகிறவர்கள் எனக்கு மட்டும் இடது கையை நீட்டுகிறார்கள். அந்தக் கையில்தான் கடிகாரம் இருக்கிறது. "சமாதானம் ஆன்ட்டி. இது ஒரிஜினலா?" என்று காதோடு கேட்பவர்களில் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்களும் உண்டு. நான் "சமாதானம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்பிக்கொள்வேன்.

போன மாதம், பாச்சாங்கில் நான் வேலை பார்த்த கடையிலிருந்து அழைப்பு வந்தது. பழைய உயர்ரகக் கைக்கடிகாரங்களை வாங்கி விற்கிற கடை அது. வருகிற கடிகாரம் அசலா, எந்த வருஷத்தில் பிறந்தது என்று பார்த்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. இப்போது ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். அதன் வாய்க்குள் கடிகாரத்தை வைத்தால் படம் எடுத்து, தன்னிடமுள்ள படங்களோடு ஒப்பிட்டு, அதுவே சொல்லிவிடுமாம். மெஷினுக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் புதிதாக வந்திருப்பவர்களுக்காக எழுதிக் கொடுக்க முடியுமா என்று முதலாளியின் மகள் மலாய் மொழியில் கேட்டாள். மெஷினுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியுமா என்று நான் கேட்டேன். தெரியாது என்றாள். அப்படியானால் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் கடிகாரக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. பத்து பெரண்டாமில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தே என் இளமை போயிற்று. தலைமுடியைவிட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே ஸ்டூலில் இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். யாரோ சொல்லி, கடை முதலாளி லிம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு கடிகாரத்தையும் பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். "எழுத்து நடுங்குது" என்றேன். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

தவுக்கே லிம் ஒரு எஸ்டேட் கடைத்தெருவில் வளர்ந்தவர். தவுக்கே என்றால் எங்கள் பக்கம் முதலாளி. அவருடைய தமிழில் இறந்தகாலமும் கிடையாது, மரியாதைப் பன்மையும் கிடையாது. "பிலோ, நீ பாரு, நான் கோப்பி குடிக்குது" என்பார். பிலோமினா என்று என் முழுப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. கடைக்குள் 'போலி' என்ற வார்த்தையை எந்த மொழியிலும் சொல்லக்கூடாது. முன்பொரு முறை ஒரு மாப்பிள்ளையும் மாமனாரும் ஒன்றாக வந்து, மாமனார் போட்ட கடிகாரம் போலி என்று தெரிந்ததும் அங்கேயே கைகலந்து கண்ணாடிப் பெட்டியை உடைத்துவிட்டார்களாம். அதிலிருந்து எங்களுக்குள் வேறு பாஷை. முழுக்க அசலாக இருந்தால் 'வீட்டுப் பிள்ளை'. முள்ளோ முகப்போ மாற்றப்பட்டிருந்தால் 'தத்துப் பிள்ளை'. போலியாக இருந்தால் 'விருந்தாளி'. நான் உள்ளிருந்து "தவுக்கே, விருந்தாளி வந்திருக்கார்" என்று குரல் கொடுப்பேன். அவர் வெளியே போய், கடிகாரத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "இது நல்லா ஓடும்" என்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பல போலிகள் அசலைவிட நன்றாகவே ஓடும். வந்தவர் சந்தோஷமாகப் போய்விடுவார்.

பார்க்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது, அதைக் கழற்றுகிறவரைப் பார்க்க வேண்டும். பழகிய கை பூட்டைப் பார்க்காமலே திறக்கும். பிறகு உள்ளங்கையில் வைத்து எடை. பிறகு காது. அப்புறம்தான் பூதக்கண்ணாடி. முகப்பில் அச்சான எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டிய மாதிரி இருக்க வேண்டும். ஆறு மணிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத அளவில் சில எழுத்துகள் இருக்கும். இருட்டில் ஒளிரும் பூச்சை ஒரு காலத்தில் மாற்றினார்கள், அதற்கேற்ப அந்த எழுத்துகளும் மாறின. அடுத்து, வார் பூட்டுகிற இரண்டு காதுகளுக்கு நடுவே வரிசை எண். கடைசியாக முதுகு மூடியைத் திறந்தால், சில கம்பெனிகள் உள்பக்கத்தில் செய்த வருஷத்தையே முத்திரை குத்தியிருப்பார்கள். முகப்பு, எண், மூடி என்ற இந்த மூன்று சாட்சிகளும் ஒரே கதையைச் சொன்னால்தான் நான் வாயைத் திறப்பேன்.

இப்போது புலாவ் செபாங் என்ற ஊரிலிருந்து வந்த கடிகாரத்துக்கு வருகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். அவர்கள் வீட்டு அம்மாக்கள் இதைப் படித்துக் கண்டுபிடித்தால் நான் பொறுப்பில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கோவிந்தன், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்றவர் பாலகிருஷ்ணன், டவுனில் சாமான் கடை வைத்திருந்தவர். கோவிந்தனின் மகளை பாலகிருஷ்ணனின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். சம்பந்திகள் ஒன்றாக வருவது நல்ல அடையாளம் என்று நினைத்தேன். ஒருவரைத் தனியாக அனுப்ப மற்றவருக்கு நம்பிக்கை இல்லாமல்தான் ஒன்றாக வந்திருந்தார்கள் என்பது உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது.

கோவிந்தன் ஒரு பித்தளைத் தட்டை மேசைமேல் வைத்தார். அதில் வெற்றிலை, வெற்றிலைமேல் கடிகாரம். கடிகாரமா என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு அதன்மேல் சந்தனம், குங்குமம், விபூதி எல்லாம் அடுக்கடுக்காகக் காய்ந்து போயிருந்தன. கண்ணாடியில் பொட்டு படாத இடத்தில் மட்டும் முகப்பு தேன் நிறத்தில் தெரிந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் தவுக்கேயின் கண் விரிந்தது. வெயில் பட்டுப் பட்டு முகப்பு இப்படிப் பழுத்துப்போன கடிகாரத்துக்காகப் பணக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். நான் எடுத்து முகர்ந்து பார்த்தேன். மஞ்சள், கற்பூரம், கொஞ்சம் நல்லெண்ணெய்.

"வெயில் இல்ல தவுக்கே. மஞ்சத் தண்ணி" என்றேன். அவர் கோப்பி குடிக்கப் போனார்.

விஷயம் இதுதான். கோவிந்தனின் அப்பா வீராசாமி, எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டியவர். துரை ஊருக்குப் போகும்போது தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவருக்குக் கொடுத்தார் என்பது கோவிந்தன் வீட்டுக் கதை. வீராசாமி இறந்த பிறகு ஒவ்வொரு வருஷமும் படையல் நாளில் அவர் படத்துக்குமுன் கடிகாரத்தை வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, முகத்திலும் முதுகிலும் பொட்டு வைத்துக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். அதைத்தான் நிச்சயத்தில் மாப்பிள்ளைக்குக் கட்டப் போகிறார்கள்.

பாலகிருஷ்ணனின் அப்பா முத்தையா அதே எஸ்டேட்டில் பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. அவர் வீட்டுக் கதை வேறு. துரை கடிகாரத்தைக் கொடுக்கவில்லை, டிரைவர் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

"என் சம்சாரம் சொல்லிட்டா" என்றார் பாலகிருஷ்ணன். "திருட்டு சாமான் எங்க பிள்ளை கையில ஏறக்கூடாதாம். ஏறுனா நிச்சயம் இல்லையாம். நான் என்னா லா பண்றது?"

"திருட்டுன்னு யாரு பார்த்தா?" என்றார் கோவிந்தன்.

"எங்க அப்பா சொன்னாரு. அவருக்கு என்னா பொறாமையா? அவருகிட்டயும் இதே கம்பெனி வாட்ச் இருந்துச்சு. எஸ்டேட்டுல பங்சன் வச்சுக் குடுத்தாங்க, நான் அப்ப ஸ்டாண்டர்ட் ஒன். ஆத்துல விழுந்துருச்சு, இல்லாட்டி இன்னிக்கு என் மகனுக்கு அதையே கட்டியிருப்பேன்."

கோவிந்தன் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் இறங்கிவிட்டது. "அக்கா, சின்ன வயசுலேர்ந்து எந்தச் சண்டைன்னாலும் கடைசியில 'களவாணி டிரைவர் மவன்'னுதான் முடிப்பாங்க. இப்ப என் மகளையும் அப்படித்தான் கேப்பாங்க. நீங்க பார்த்து, துரை குடுத்ததுதான்னு சொல்லுங்க."

கடிகாரம் யார் கொடுத்தது என்று சொல்லாது, எப்போது பிறந்தது என்று மட்டும்தான் சொல்லும் என்றேன். அதற்கும் முதலில் சந்தனத்தைச் சுரண்ட வேண்டும். சுரண்ட வேண்டும் என்றதும் கோவிந்தன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்பாவிடம் உத்தரவு கேட்காமல் மேலே கைவைக்கக்கூடாதாம். பூக்கட்டிப் பார்க்க வேண்டுமாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளை வந்தால் உத்தரவு. நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, திரும்ப ஊருக்குப் போய்ப் பூக்கட்டி எப்போது வருவது என்று பாலகிருஷ்ணன் முணுமுணுத்தார்.

கோப்பிக் கோப்பையோடு நின்ற தவுக்கேக்கு மட்டும் இது ரொம்பப் பிடித்துப்போனது. அவரும் எதற்கெடுத்தாலும் தன் கோயிலில் இரண்டு மரக்கட்டையை உருட்டிப் போட்டு உத்தரவு கேட்கிறவர்தான். "கேக்கணும், கேக்கணும். பெரிய ஆளு, கேக்காம தொட்டா கோபம் வருது" என்று சொல்லி, பூ பறிக்கத் தானே கிளம்பினார். கடிகாரம் சுற்றுகிற மெல்லிய தாளில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, கடையில் இருந்த தன் சாமி மாடத்துக்குமுன் வைத்தார். சம்பந்திகளில் யார் எடுத்தாலும் மற்றவர் ஒத்துக்கொள்ள மாட்டார். எனவே அந்தோனியார் படத்தைக் கைப்பையில் வைத்திருக்கிற நானே எடுக்க வேண்டியதாயிற்று. மனசுக்குள் அந்தோனியாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தேன். வெள்ளை. கோவிந்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சுரண்டுவதற்கு நான் இரும்பு எதையும் தொடுவதில்லை. இறைச்சி கோத்துச் சுடுகிற மூங்கில் சாத்தே குச்சியைக் கூராகச் சீவி வைத்திருப்பேன், அது கீறல் போடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி ஊறவைத்து, வாரைக் கழற்றி, இரண்டு காதுகளுக்கு நடுவே மட்டும் மெதுவாகச் சுரண்டினேன். விபூதி முதலில் வந்தது, அப்புறம் குங்குமம், அப்புறம் களிமண்போல இறுகிய சந்தனம். கடைசியில் எண் வந்தது. எழுத்தெல்லாம் கத்தி விளிம்பு. மூடியைத் திறக்காவிட்டாலும் முகப்பும் எண்ணும் ஒத்துப்போனதால், அன்றைக்கு மட்டும் இரண்டு சாட்சியோடு வாயைத் திறந்தேன்.

"தவுக்கே, வீட்டுப் பிள்ளை" என்று குரல் கொடுத்தேன். அவர் எட்டிப் பார்த்து, "நல்லா ஓடும்" என்றார். இந்த முறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

எண்ணைக் கொண்டு வருஷத்தைப் பார்த்துவிட்டு, துரை எப்போது போனார் என்று இருவரையும் கேட்டேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வீட்டுக் கதையும் ஒத்துப்போனது. துரையைக் கப்பலேற்ற வீராசாமி கார் ஓட்டிக்கொண்டு போயிருந்த அன்றுதான் கோவிந்தன் பிறந்தார். பிரசவத்துக்குப் புருஷன் இல்லையே என்று அவர் அம்மா சாகும்வரை சொல்லிக் காட்டினாராம். நான் கோவிந்தனின் ஐசியை வாங்கிப் பார்த்தேன். மலேசிய அடையாள அட்டையில் எண்ணே பிறந்த தேதியில்தான் தொடங்கும், யாரும் வயசைக் குறைத்துச் சொல்ல முடியாது.

"அண்ணே, இந்த வாட்ச் உங்களுக்குத் தம்பி" என்றேன். "உங்களைவிட நாலு வயசு இளசு."

இருவரும் என்னையே பார்த்தார்கள். துரை கப்பலேறி நாலு வருஷம் கழித்துத்தான் இது சுவிட்சர்லாந்தில் பிறந்திருக்கிறது. எனவே துரை கையில் இது இருந்திருக்க வழியில்லை. இல்லாத கையிலிருந்து வீராசாமி திருடியிருக்கவும் முடியாது.

கோவிந்தனின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, எங்க அப்பா திருடல" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மலர்ந்த முகம் வாடிவிட்டது. "அப்ப துரை குடுக்கவும் இல்லையா? அப்பா பொய்யா சொன்னாரு?"

"துரை இல்லன்னா வேற யாருகிட்டயாச்சும் எடுத்திருப்பாரு" என்றார் பாலகிருஷ்ணன். அவரும் சந்தோஷமாகச் சொல்லவில்லை. அப்பா சொன்னது பொய்யாகிவிடுமோ என்ற பயம் அவருக்கும் வந்துவிட்டது. "நம்பர் தப்பா இருக்கலாம். உள்ள தொறந்து பாருங்க."

உள்ளே திறந்தால் மூன்றாவது சாட்சியும் கிடைக்கும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் மூடியின் விளிம்பில் சாவி பிடிக்க வேண்டுமானால் முதுகில் இருந்த பெரிய பொட்டை எடுக்க வேண்டும். ஒவ்வொரு படையலுக்கும் அதே இடத்தில் வைத்து வைத்து அது ஒரு குட்டி வடை அளவுக்கு எழும்பியிருந்தது. அதற்கும் பூக்கட்டணுமா என்று கேட்டேன். ஒரே உத்தரவு போதும் என்றார் கோவிந்தன். பஞ்சை நனைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். தவுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பொட்டு முழுசாகப் பெயர்ந்து தட்டில் விழுந்தது. அடியில் எஃகு பளபளவென்று புதுசாக இருந்தது. அதில் எழுத்து வெட்டியிருந்தது. நான் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன். முதலில் எஸ்டேட்டின் பெயர். அப்புறம் பெரிய கிராணி முத்தையா அவர்களின் இருபத்தைந்து ஆண்டு சேவைக்கு நன்றியுடன் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

நான் சத்தமாகப் படித்திருக்க வேண்டாம். ஆனால் படித்துவிட்டேன். பாலகிருஷ்ணன் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார், பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது ஆத்துல விழுந்த வாட்ச்" என்றார்.

கோவிந்தன் தட்டில் கிடந்த பொட்டை ஓரமாக ஒதுக்கினார். "ஆத்துல விழல" என்றார். "சம்பள நாளுல கார் கொட்டாயில உங்க அப்பாவும் எங்க அப்பாவும் உக்காந்திருப்பாங்க. நான் எட்டிப் பார்த்தா அப்பா விரட்டுவாரு."

"உக்காந்து?" என்றார் பாலகிருஷ்ணன்.

"பஜனையா பாடுவாங்க? சீட்டுதான்."

அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எஸ்டேட்டே கைதட்டக் கொடுத்த கடிகாரத்தைச் சீட்டில் விட்டுவிட்டு, பெரிய கிராணி வீட்டுக்குப் போய் ஆற்றில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். அதை ஜெயித்த டிரைவர் தன் வீட்டில், துரை போகும்போது கொடுத்ததை இத்தனை நாள் பத்திரப்படுத்தி வைத்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார், சீட்டாடியது தெரிந்தால் அவருக்கும் சோறு கிடைத்திருக்காது. டிரைவர் கையில் அதே மாதிரி கடிகாரத்தைக் கிராணியம்மா பார்த்துக் கேட்டபோது, அது துரையுடையது, களவாடிவிட்டான் என்று கிராணி வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாய்ப்பேச்சு இரண்டு வீட்டுக்கும் நடுவே அத்தனை வருஷம் நின்றிருக்கிறது.

"அவரு வாட்ச்ச அவரே திருட்டு வாட்ச்சுன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு" என்றார் பாலகிருஷ்ணன். சிரிக்கத்தான் ஆரம்பித்தார், ஆனால் பாதியில் கண் நிறைந்துவிட்டது. "உங்க அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. மூடியத் திருப்பிக் காட்டியிருந்தா போதுமே."

"காட்டியிருந்தா உங்க அம்மா உங்க அப்பாவ வீட்டுக்குள்ள விட்டிருப்பாங்களா?"

கூட்டாளிக்காக ஒரு மனுஷன் களவாணிப் பட்டத்தோடேயே செத்துப்போயிருக்கிறார். எத்தனையோ கடிகாரங்களின் வயதைச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்குச் சொன்னதுபோல ஒன்றுக்கும் மனசு நிறைந்ததில்லை.

அப்போது பாலகிருஷ்ணனின் கைத்தொலைபேசி அடித்தது. வீட்டம்மா. என்ன தெரிந்தது என்று அந்த அம்மா கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பாலகிருஷ்ணன் கோவிந்தனைப் பார்த்தார். மாமனாரை இன்னும் தெய்வமாகக் கும்பிடுகிற வீடு அது. கோவிந்தன் தலையை மட்டும் லேசாக ஆட்டினார்.

"திருட்டு இல்ல" என்றார் பாலகிருஷ்ணன் போனில். "கடையிலயே சொல்லிட்டாங்க. துரை போனப்புறம் செஞ்ச வாட்ச்சு. லண்டன்லேர்ந்து பார்சல்ல அனுப்பியிருக்காரு. ஆமா. ஒரிஜினல்தான். ஆமா, டிரைவருக்கு. அவ்ளோ நல்ல மனுஷனாம்."

அவர் போனை வைத்ததும் இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூடியைத் திறக்காமலே விட்டுவிடச் சொன்னார்கள். பிறகு கோவிந்தன் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அக்கா, அந்தப் பொட்டத் திரும்ப ஒட்ட முடியுமா?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அழுக்கை எடுத்துத்தான் எனக்குப் பழக்கம், வைத்துப் பழக்கமில்லை. பெயர்ந்த பொட்டைத் தண்ணீரில் குழைத்து, சாத்தே குச்சியால் எழுத்துகளின்மேல் நானே தடவி, தவுக்கேயின் டேபிள் ஃபேன் முன்னால் காயவைத்துக் கொடுத்தேன். அவர்கள் போகும்போது காரில் கோவிந்தன் முன் இருக்கையில் உட்கார்ந்தார். வரும்போது பின்னால் உட்கார்ந்து வந்தவர் அவர்.

கடையைக் கூட்டும்போது, எடுக்காமல் விட்ட இன்னொரு பொட்டலம் சாமி மாடத்தில் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளைப் பூ. தவுக்கேயிடம் காட்டினேன்.

"சிவப்புப் பூ ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குது" என்றார் அவர். "லோரி நிறைய வருது."

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். புலாவ் செபாங்கில் ஒரு மண்டபம். தட்டு மாற்றி முடிந்ததும் கோவிந்தன் மாப்பிள்ளைக்குக் கடிகாரத்தைக் கட்டிவிட்டார். பாலகிருஷ்ணன் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துரை எத்தனை நல்லவர் என்று பெருமையாகப் பேசிவிட்டு, "வாட்ச் எப்படிக்கா?" என்று கேட்டார். நான் பொய் சொல்லிப் பழகாதவள். "நல்லா ஓடும்" என்றேன்.

மேடையில் மாப்பிள்ளை கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகில் ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறதே என்று கட்டைவிரல் நகத்தால் சுரண்டத் தொடங்கினான். இரண்டு சம்பந்திகளும் பந்திக்கு ஆள் அழைத்துக்கொண்டு மண்டபத்தின் இரண்டு மூலையில் நின்றார்கள். எப்படிப் பார்த்தார்களோ, இரண்டு பேரும் மேடைக்கு ஓடிவந்து ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அதுல கைவைக்காத" என்றார் கோவிந்தன்.

"தாத்தா சமாச்சாரம்" என்றார் பாலகிருஷ்ணன்.

மாப்பிள்ளை எந்தத் தாத்தா என்று கேட்டான். இரண்டு பேருமே சாப்பாடு ஆறுகிறது என்று அவனைப் பந்திக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.